சென்சாருக்கு வைத்த பொட்டு

படப்பை
15.10.2013

அன்பு மகள் சந்திரலேகாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். ஜப்பானில், நகோயாவில் நீயும் சுகம் என்பதை, அம்மாவிடம் நீ போனில் பேசும்போது பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நேரே கேட்க வாய் வரவில்லை, நான் வீம்பு பிடித்த ஆள் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். நம் ரோட்டில் மறுபடியும் பள்ளம் தோண்டிவிட்டார்கள், ஷேர் ஆட்டோவில் ஒரகடத்துப் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் டிபன் கேரியரில் சாம்பாரும் மோரும் ஒன்றாகிவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் பட்டறையில் ஆயுத பூஜை. தகடு வெட்டுகிற பிரஸ் மிஷினைத் துடைத்து, மாலை போட்டு, ஆள் கை குறுக்கே போனால் மிஷினை நிறுத்துகிற சென்சார் இருக்கிறதே, அதன் கண்ணாடி மேல் சந்தனம் குழைத்துப் பெரிய குங்குமப் பொட்டாக வைத்தேன். காவல் காக்கிற கண் ஆயிற்றே, அதற்குத்தான் முதல் பொட்டு என்பது என் நியாயம். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டால் சிவப்பு லைட் எரிகிறது, மிஷின் அசையவில்லை. ஏதோ தெய்வக் குற்றம் என்று இன்னொரு பூசணிக்காய் உடைத்தேன், கற்பூரம் காட்டினேன், அதே சிவப்பு லைட். சென்சார் வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டு என்று ஆப்பரேட்டர் மாரிசெல்வத்திடம் சொன்னேன். அவன் கோவில்பட்டிக்காரன், மரியாதை விடாமல், "உள்ள போற கை என்னோடதுல்லா அண்ணாச்சி, மொதல்ல மிஷின் புஸ்தகத்தப் பாத்துருவமா" என்றான். அந்தப் புத்தகமோ சரஸ்வதி படத்துக்கு முன்னால் பூஜையில் இருந்தது. மறுபூஜை முடியாமல் பிரிக்கக் கூடாது என்று கத்தினேன். பொங்கல் தூக்கோடு வந்தாள் உன் அம்மா, அவள் பிறந்த பென்னலூர் வாய்தான் உனக்குத் தெரியுமே, "சரஸ்வதி கையில இன்னா வெச்சுகினு கீறா, பூட்டா? புஸ்தகந்தானே, எடுத்துப் படிப்பா" என்று அவன் கையில் கொடுத்துவிட்டாள். கண்ணாடியில் எது படிந்தாலும் மிஷின் ஓடாது என்று அதில் போட்டிருந்தது. பொட்டைத் துடைத்தோம், ஓடியது. யாரோ கையை நீட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து அது ஒழுங்காகத்தான் நின்றிருக்கிறது. பட்டறையே சிரித்தது, நானும் சிரித்தேன்.

கண்ணாடி மேல் பொட்டு வைக்காதீர்கள் என்று போன வருஷம் நீ இதையேதான் சொன்னாய். சாமி காரியத்தில் உன் மூளையைக் கொண்டு வராதே, செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு வா என்று எட்டுப் பேர் முன்னால் உன்னைத் திட்டினேன். பொட்டும் வைத்தேன், மறுநாள் மிஷினும் ஓடியது, பார்த்தாயா என்று உன்னிடம் வந்து பீற்றிக்கொண்டேன். நீ அடுத்த மாதம் விமானம் ஏறினாய், அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நேற்று எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது மாரிசெல்வம் சொல்கிறான், "போன வருசம் அக்கா வெள்ளனவே வந்து தொடச்சிட்டுத்தான போனாக, ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாக" என்று. என் சிரிப்பு நின்றுவிட்டது. பொட்டு அங்கே இருக்கிறதா என்று போன வருஷம் நான் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நீ துடைத்திருக்காவிட்டால் போன வருஷமே அந்த வயரைப் பிடுங்கியிருப்பேன் அம்மா. அவன் கைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்.

சரஸ்வதி பூஜை அன்றைக்கே பெற்ற பெண்ணிடம் மூளையை வெளியே வை என்று சொன்ன ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். புத்தி கொடு என்றுதானே அவளிடம் கேட்கிறோம், கொடுத்த பிறகு அதைக் கட்டிப்போட்டுவிட்டுக் கும்பிட்டால் அவளுக்கு அது என்ன மரியாதை. நான் பொட்டு வைத்துக் கும்பிட்டேன், நீ துடைத்துக் கும்பிட்டிருக்கிறாய். உன்னுடையதுதான் பெரிய பூஜை என்று எனக்குப் படுகிறது.

அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு போ. தினமும் விளக்கேற்றுகிறாளா என்று கேட்டு எழுதச் சொன்னாள் அம்மா, நான் கேட்கப் போவதில்லை. பெருமாள் உனக்கு நீண்ட ஆயுளும் இதே கூர்மையும் கொடுக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை நான்தான் எடுப்பேன். அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லிவிடாதே. நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கிற வரைக்கும் லைனில் இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
நம்பிராஜன்