வெங்காயத்திடம் நான் சொன்ன பொய்

அபெயோகுட்டா,
ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த பிறகு.

என் செல்ல மகள் அபேக்கேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், மூன்று கோழிகளில் இரண்டு சுகம், மூன்றாவதை ஈஸ்டருக்குச் சாப்பிட்டுவிட்டோம். நீயும் அந்தக் கிளாஸ்கோ குளிரில் சுகமாக இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தோம். அந்தக் கோட்டுக்குள் நீ எங்கே இருக்கிறாய் என்று கண்டுபிடிக்கவே அப்பாவுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது, விற்காமல் திரும்பி வந்த துணி மூட்டை மாதிரி இருக்கிறாய், ஒழுங்காகச் சாப்பிடு, டப்பாவில் வரும் பயறெல்லாம் பயறில்லை. போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே, இங்கே யாரும் சாகவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் நான் ஏதாவது கேலி பேசித் தப்பித்துவிடுவேன், அது உனக்கே தெரியும். அதனால்தான் அங்கே வரும் பாஸ்டர் மனைவியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிரிக்காமல் கொண்டுவருவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள், உறை கிழிந்திருந்தால் எழுது.

இங்கே எல்லோரும் உன்னைக் கேன்சர் டாக்டர் என்றே நினைக்கிறார்கள். மூட்டு வலிக்குக்கூட என்னிடம் வந்து, உங்க பொண்ணுகிட்ட ஒரு மாத்திரை கேட்டுச் சொல்லுங்க என்கிறார்கள். அவள் வைத்தியம் பார்ப்பவள் இல்லை, ஒரு ரசாயனம் நம் உடம்பின் டி.என்.ஏ.வைக் கெடுக்குமா, அதனால் பின்னாளில் கேன்சர் வருமா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பவள் என்று நான் பெருமையாக விளக்கினேன். பக்கத்துச் சாயப் பட்டறைக்காரி, ஹஜ் போய்வந்த அல்ஹாஜா ரிஸ்காத் வாய் வைக்காமல் இருப்பாளா, "ஓ, குறி சொல்றவளா? அதை மொதல்லயே சொல்லக்கூடாதா அபேக்கே அம்மா!" என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் நீ என்ன கேட்டாய், நம் பட்டறையில் துணிக்குப் போடும் அந்த ரசாயனக் கறுப்புப் பொடியில் ஒரு கிண்ணம் எடுத்து இபாதான் பல்கலைக்கழகத்தில் வாத்தியாராக இருக்கும் உன் கூட்டாளி லான்ரேயிடம் கொடு, அவன் வெங்காயத்தை வைத்துச் சோதிப்பான் என்றாய். கொடுத்தேன். ஆனால் நான் கொடுத்தது கறுப்புப் பொடி இல்லை, அபேக்கே. பரண் மேல் என் மாமியார் காலத்து, காய்ந்து கறுத்துப்போன அவுரி உருண்டைகள் கிடந்தன அல்லவா, அதில் நாலை எடுத்து உரலில் போட்டு நன்றாக இடித்து, பழைய பொடி டப்பாவில் நிரப்பிக் கொடுத்தேன். அவுரித் தொட்டி பதமாகிவிட்டதா என்று ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்கிற கூட்டம் நாம், நாக்கு தாங்கினதை வெங்காயம் தாங்காதா என்று எனக்கு ஒரு திமிர். லான்ரே பாவம், டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு, "என்னம்மா, இலை வாசம் அடிக்குது?" என்றான். என் கைப்பையில் கீரைக் கட்டு இருந்தது என்றேன். நம்பிவிட்டான். எப்படித்தான் இவனெல்லாம் பாடம் நடத்துகிறானோ.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். பயம்தான். பொடி கெட்டது என்று காகிதம் வந்துவிட்டால் பட்டறையை மூடு என்பாய், என்னை நம்பிப் பதினோரு பெண்கள் இருக்கிறார்கள், இந்தக் காலத்தில் அவுரி நீலத்தை யார் வாங்குகிறார்கள், எல்லோருக்கும் பளபளவென்று கறுப்புத்தான் வேண்டும். அதோடு, நான் பெற்ற பிள்ளை என் தொட்டியைக் குறை சொல்வதா என்ற ஆங்காரமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. வெங்காய வேர்கள் சுத்தத் தண்ணீரில் வளர்ந்த மாதிரியே வளர்ந்திருக்கின்றன, சோதித்த அளவுகளில் கெடுதல் எதுவும் தெரியவில்லை என்று லான்ரே கையெழுத்துப் போட்ட காகிதம் வந்தது. நீ போனில் அழுதாய், சந்தோஷத்தில். நான் சிரித்தேன். உன் அப்பா அதோடு விட்டாரா, அந்தக் காகிதத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, பட்டறை வாசலில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்திய குரல், மூன்று தெருவுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கேள். நீ அனுப்பிய கையுறைகளையும் முகமூடிகளையும் பெண்கள் அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். ஒரு கையுறையில் ரிஸ்காத் வேர்க்கடலை போட்டு வைத்திருக்கிறாள். மொராயோவும் திரும்பி வந்துவிட்டாள், நம் பட்டறையில் பொடி கலக்குகிறவள், பிள்ளை உண்டானதும் நீ போனில் சொன்னதைக் கேட்டு ஒதுங்கி இருந்தாளே, அவளேதான். ஐந்து மாத வயிற்றைத் தொட்டி விளிம்பில் சாய்த்துக்கொண்டு முழங்கை வரை வெறுங்கையை விட்டுக் கலக்கினாள். வீட்டுக்குப் போடி என்றால், "உங்க மகளோட ஆளே எழுதிக் குடுத்துட்டாரு, வாசல்லயே தொங்குது, அப்புறம் என்னம்மா பயம்?" என்கிறாள். தொட்டிப் பக்கம் வராமல் உட்கார்ந்து துணியில் சாயம் ஏறக்கூடாத இடத்தில் கோழி இறகால் மரவள்ளிக் கஞ்சிக் கோலம் போடு என்று இறகைக் கையில் கொடுத்தேன். அவள் வரைந்த கோழி ஆடு மாதிரி வந்தது, ஆடு எது மாதிரி வந்தது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் தொட்டிக்கே போய்விட்டாள். நிஜத்தைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன்.

நாலாவது வாரம்தான் நிஜப் பொடியை எடுத்துக்கொண்டு இபாதானுக்குப் பஸ் ஏறினேன். லான்ரேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் அந்த வாசத்தை அப்பவே நம்பியிருக்கணும்" என்று மட்டும் சொன்னான். அவன் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த வாரம் அவன் கூப்பிட்டபோது நானே போய்ப் பார்த்தேன். வரிசையாகக் கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயம். தண்ணீர் வைத்த குவளையில் வேர் தாடி மாதிரி இறங்கியிருந்தது. நம் பொடி கரைத்த குவளையில் தாடியைச் சிரைத்து நாலு நாள் ஆன மாதிரி மொட்டை மொட்டையாக நின்றது, அதுவும் நாம் துவைத்துக் கீழே விடுகிற தண்ணீரைவிட லேசாகக் கலந்ததாம். பிறகு வேர் நுனியை நறுக்கி, சிவப்புச் சாயம் ஏற்றி, கண்ணாடியில் நசுக்கி, நுண்ணோக்கியில் காட்டினான். சாயம் என்றதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, நம் தொழில்தானே. நல்ல வேரில் செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் ஆளுக்குப் பாதியாக அழகாக இரண்டு பக்கமும் போகின்றன. நம் பொடியில் நின்ற வேரில் துண்டுகள் உடைந்து, எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் கிடந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன், அப்படியேதான் கிடந்தன. லான்ரே தண்ணீர் கொடுத்தான். வெங்காயம் மனுஷன் இல்லை அம்மா, இதை வைத்து யாருக்கும் வியாதி வரும் என்று சொல்ல முடியாது, இன்னும் பெரிய சோதனைகள் இருக்கின்றன, ஆனால் பயப்பட வேண்டியதற்கு இப்போதே பயப்படலாம் என்றான்.

புதன்கிழமை சாயக்காரப் பெண்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். அவுரியை இடித்துக் கொடுத்தேன், பொய்ச் சோதனை, எல்லோரும் கையுறையைப் போடுங்கள், பிள்ளை உண்டானவர்கள் தொட்டிப் பக்கமே வராதீர்கள் என்றேன். ரிஸ்காத் விடுவாளா, "குறி சொல்றவளோட அம்மாவே குறியை மாத்தி வச்சாளாம்!" என்றாள், கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. இத்தனை வருஷம் நான் உட்கார்ந்த சங்கத் தலைவி நாற்காலியை மடக்கி ஓரமாக வைத்துவிட்டேன், இனி அதில் யார் உட்கார்ந்தாலும் எனக்குச் சம்மதம். உன் அப்பா பிளாஸ்டிக் உறையை ஆணியோடு பிடுங்கினார், சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது. பட்டறையை மூடவில்லை, கறுப்புப் பொடியை மட்டும் நிறுத்திவிட்டேன், நீலத்துக்கு வாங்குகிற ஆள் தேட வேண்டும், அங்கே யாராவது கிடைப்பார்களா பார்.  கூட்டம் முடிந்ததும் மொராயோ வெளியே வந்து விரலை மடக்கி எண்ணிவிட்டு, "அஞ்சு வாரம் கலக்குனேன்ம்மா" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நான் தினமும் சாப்பாடு கொடுத்தனுப்புகிறேன், பாத்திரம் கழுவித் திரும்பி வருகிறது. அவளுக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று உன் ஆட்களைக் கேட்டு எழுது, இங்கே ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப் போகிறேன், அவள் என்னோடு பேச வேண்டாம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அந்த முதல் காகிதத்தை உன் ஆபீசில் பெருமையாகக் காட்டினாயாமே, அதை இன்றைக்கே கிழித்துப் போடு, லான்ரே புதியதை அனுப்புவான்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் வேலை செழிக்கட்டும், உனக்கு ஏற்றவன் ஒருவன் அந்தப் பனிக்குள்ளிருந்தாவது வரட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. இன்னும் ஒன்று இருக்கிறது. கறுப்புப் பொடி வந்த வருஷம் நான் குழந்தையாக இருந்தேனா அம்மா என்று நீ ஒரு தடவை போனில் கேட்டாய், இல்லையடி அப்போதெல்லாம் அவுரிதான் என்றேன். அது இரண்டாவது பொய். பொடி வந்தபோது உனக்கு நாலு மாதம். நீ நடக்கிற வரை உன்னை முதுகில் கட்டிக்கொண்டுதான் நான் கலக்கினேன், ஆவி அடிக்கும்போது உன் முகத்தை என் முதுகில் புதைத்துக்கொள்வாய், உனக்குத் தூக்கம் வருகிறது என்று நினைத்தேன். மூன்றாவது பொய் இல்லை, அபேக்கே. நாளைக்கே ஒரு டாக்டரிடம் போய் இதை அப்படியே சொல். அவர் என்ன சொன்னாலும் மாற்றாமல் எனக்கு எழுது, இதில் மட்டும் என் மகளாக இருக்காதே.

உன் அம்மா,
அவேரோ.