குதிரை வளையங்கள்

அல்சூர், பெங்களூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாதுரைக்கு,

இத்தனை நாள் பேசாமல் இருந்தது போதும் என்று எழுதுகிறேன். வைட்ஃபீல்டில் நீ சுகமாக இருப்பாய். நானும் நன்றாகவே இருக்கிறேன். கல்லூரியில் என்னைத் துறைத்தலைவர் ஆக்கவில்லை. அதனால் சாயங்காலங்கள் எனக்கே கிடைக்கின்றன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம் தெருமுனைப் பழைய கட்டடத்தை வாங்கி, இடிக்காமல், மறுபடி பப் ஆக்கினாய். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குடித்த இடம். பிறகு ரேஷன் கிடங்கு, சைக்கிள் கடை, கடைசியில் பூட்டிய கதவு. சுற்றிலும் அபார்ட்மென்ட் வந்த பிறகும் அது நிற்கிறது. உனக்குத் தெரியாமல் இரண்டு முறை வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தேக்குத் தரை, உயரமான கூரை, பீர் எல்லாமே நன்றாக இருந்தன. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

திறப்பு விழாவில் என்னைக் கழிவறைக் கதவுப் பக்கம் உட்காரவைத்ததை மறக்கவில்லை. கட்டடத்தின் வரலாற்றை எழுதச் சொன்னவன் நீ. விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். அதை ஓரம் தள்ளிவிட்டு, ஏதோ விளம்பரக் கம்பெனி எழுதியதைப் பித்தளைப் பலகையில் பொறித்து மாட்டினாய். பக்கச் சுவரின் இரும்பு வளையங்களில் ஆங்கிலேய அதிகாரிகள் குதிரை கட்டினார்களாம். அவை என் கைக்கே எட்டாது. எந்தக் குதிரையை அவ்வளவு உயரத்தில் கட்டுவார்கள், அப்பாதுரை?

அவை அம்மன் கோயில் கூழ்ப்பந்தலுக்கானவை. உனக்கே தெரியும். ஆடியில் தெருக்காரர்கள் பந்தலுக்காக அந்தச் சுவரில் ஆணி அடிக்க, காரை உதிர்ந்து, பப் நடத்திய துரை கத்தித் தீர்த்தான். அடுத்த ஆடிக்கு அவனே வளையம் பதித்துக் கொடுத்தான். உன் அப்பா ஏணியில் நின்று அதில் கயிறு கட்ட, என் அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வார்.

இப்போது உன் மேனேஜர் நாகேஷ் கயிறு கட்ட விடவில்லை. "இது ஹெரிடேஜு மா, குதிரை கட்டுற வளையம். ஓனர் திட்டுவாரு" என்றானாம். கூழ் காய்ச்சும் வனஜாக்கா, "குதிரை வந்தா சொல்லுப்பா, அவுத்துக் குடுத்துடறோம்" என்றாள். தெருவே சிரித்தது. ஆனால் அவன் அசையவில்லை. தெரு முழுக்க காங்கிரீட் போட்டுவிட்டார்கள். கம்பம் நட வழியில்லை. பந்தல் இல்லாமல் இந்த ஊர்த் தூறலில் அடுப்பு எரியாது. இந்த வருஷம் கூழ் வேண்டாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பலகையை மாற்றச் சொல்லவில்லை. குதிரைகள் அதிலேயே இருக்கட்டும். நாகேஷிடம் ஒரு வார்த்தை சொல், போதும்.

என் பெயரைப் பார்த்தால் நீ கிழித்துப் போடுவாய் என்கிறாள் என் மனைவி ராதா. பெயர் இல்லாவிட்டாலும் உனக்குத் தெரிந்துவிடும் என்றேன். "தெரியட்டுமே. உங்களுக்காகச் செஞ்சேன்னு அவர் ஒத்துக்க வேணாம் இல்ல?" என்றாள். தெருவில் யாரோ கேட்டார்கள், கயிறு கட்ட விட்டுவிட்டேன் என்று நீ சொல்லிக்கொள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

உன் வியாபாரம் நன்றாக நடக்கட்டும். பந்தல் எழும்பினால் உனக்கும் ஒரு சொம்பு கூழ் எடுத்துவைக்கச் சொல்கிறேன். வந்தால் குடி. பெயர் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.