சந்திரனில் கேட்டிருக்க வேண்டிய குரல்

நானா,

இன்று பின்னேரம் பேத்தி தொலைக்காட்சியில் விண்வெளித் தொடரொன்று பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில்லாத ஏதோவொரு கிரகத்தில் இரண்டு பேர். பேசும் கருவி பழுதாகிவிட்டது. ஒருவன் மற்றவனின் தலைக்கவசத்தோடு தன் தலைக்கவசத்தை முட்டவைத்துப் பேசினான். மற்றவனுக்கு அது கேட்டது.

"அம்மப்பா, இது விஞ்ஞானமோ, புளுகோ?" என்று அவள் கேட்டாள். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனிடம்தான் கேட்டாள். அது உங்கள் காட்சி.

மாங்குளம் சந்தியில் உங்கள் சைக்கிள் கடை. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி ஊரே உங்களை நானா என்று கூப்பிட, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் மாஸ்டராகிய நான் மட்டும் மரியாதை ஒருபடி குறைத்து 'நீர்' என்பேன். நீங்கள் என்னிலும் பத்து வயது மூத்தவர். மனிதன் சந்திரனில் கால் வைக்காத காலம் அது. அங்கே போகிற இரண்டு பேரைப் பற்றி வானொலி நாடகம் எழுத இருவரும் இறங்கினோம். விஞ்ஞானம் எனக்கு, கற்பனை உங்களுக்கு என்று பிரித்தவன் நான்தான்.

"விஞ்ஞானம் கூடினால் பள்ளிக்கூடப் பாடம், புளுகு கூடினால் கூத்து. ரெண்டுக்கும் நடுவில நிக்கோணும், மாஸ்டர்" என்பீர்கள், டயரைக் கழற்றிக்கொண்டே. சந்திரனில் சத்தமே கேட்காது என்று நான் சொன்னது உங்களுக்குப் பெரிய இடைஞ்சலாகிவிட்டது. "வானொலி நாடகமெல்லோ. சத்தமில்லையெண்டால் சனம் என்னத்தைக் கேக்கும்?" மூன்று நாள் யோசித்து, டியூப் சுற்றிவந்த தாளின் பின்பக்கத்தில் அந்தக் காட்சியை எழுதி வந்தீர்கள். எனக்குக் காட்ட நேரமில்லாமல் நேரே வாசிகசாலைக் கூட்டத்தில் வாசித்தீர்கள்.

நான் பாதியில் மறித்தேன். "காத்தில்லாத இடத்தில என்னெண்டு கதை கேக்கும்? இது விஞ்ஞான நாடகம் ஐசே, மந்திரக்கதை இல்லை."

"தண்டவாளத்தில காதை வைச்சால், தூரத்தில ரயில் வாறது கேக்குதுதானே, மாஸ்டர்?"

"அது மாங்குளம். இது சந்திரன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். பிறகு நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. உங்கள் காட்சியை வெட்டிவிட்டு நான் வானொலி நிலையத்துக்கு அனுப்பிய நாடகம், விளக்கம் கூடிப்போச்சு என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

இரண்டு மாதம் கழித்து எட்டாம் வகுப்பில் ஒலி பற்றிய பாடம். ஒரு பிள்ளையை மேசையின் ஒரு கரையில் காதை வைக்கச் சொல்லி, மறுகரையை நகத்தால் சுரண்டினேன். "கேக்குது சேர்" என்றது பிள்ளை. திடப்பொருளுக்குள்ளும் ஒலி போகும் என்று கரும்பலகையில் எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. வருடாவருடம் நான் எழுதுகிற வரி. தலைக்கவசமும் திடப்பொருள்தானே. விஞ்ஞானத்தை நீங்கள் கொண்டு வந்திருக்கிறீர்கள். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் அதைப் புளுகு என்று சொல்லிவிட்டேன்.

அன்று பள்ளி விட்டதும் சொல்லத்தான் வந்தேன். வாசிகசாலையில் சிரித்தவர்களில் இருவர் கடையில் குந்தியிருந்தார்கள். "முன் டயருக்குக் காத்துக் காணாது, அடிச்சு விடும்" என்றேன். "ஓம், மாஸ்டர்" என்று பம்பை எடுத்தீர்கள். டயரை அமத்திப் பார்த்தீர்கள். அது இறுக்கமாகத்தான் இருந்தது. என் முகத்தையும் ஒருதரம் பார்த்தீர்கள். பிறகு இரண்டு தரம் அடித்துவிட்டீர்கள்.

அதன்பிறகு எத்தனை வருடம் அந்தச் சந்தியால் போய்வந்தேன். தொண்ணூறில் முஸ்லிம்களான உங்கள் சனத்தை வடக்கைவிட்டே அனுப்பியபோது புத்தளம் போனீர்கள் என்று கேள்விப்பட்டேன், விலாசம் தேடவில்லை. அங்கேயே மௌத்தாகி அடக்கமாகிவிட்டீர்கள் என்றும் யாரோ சொல்லித்தான் தெரியும்.

பேத்திக்குச் சொன்னேன்: "விஞ்ஞானம்தான் பிள்ளை. மாங்குளத்தில சைக்கிள் கடை வைச்சிருந்த நானா ஒருத்தர் இதை அந்தக் காலத்திலயே எழுதினவர். நான் பிழையெண்டு சொல்லி, சனத்துக்கு முன்னால அவரை வெக்கப்படுத்தினனான்."

"பிறகு அவரிட்ட மன்னிப்புக் கேட்டனீங்களோ?"

"இல்லை" என்றேன். "காத்து அடிக்கச் சொன்னனான்."