பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அவளுடைய முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்பிக்கைதான், ஆதாரம் ஒன்றும் கையில் இல்லை. வாரம் தவறாமல் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் திடீரென்று பேனாவை எடுத்தான் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று, போதும் வைங்க, அவளுக்கு அங்கே ஆயிரம் வேலை இருக்கும் என்று பிடுங்கிக்கொள்வாள். இப்போது அவள் கல்லூரிக்குப் போயிருக்கிறாள், அதனால்தான் எழுத முடிகிறது. பயப்படாதே, கெட்ட சேதி ஒன்று வந்து, இருந்து, போயும் விட்டது. அது போன விதத்தைத்தான் உன்னிடம் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் எனக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

அம்மா மாலைக் கல்லூரியில் சேர்ந்தபோது நான் என்னென்ன கிண்டல் செய்தேன் என்று உனக்குத் தெரியும், இந்த வயசில் புத்தகப் பையா, டிபன் பாக்ஸ் நான் கட்டித் தரட்டுமா என்றெல்லாம் கேட்டேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இந்த வருஷம் அவளுக்கு மூன்று பாடம், கணக்குப்பதிவு, புரோகிராமிங், நிகழ்தகவு. கணக்குப்பதிவு படிக்க ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் இரண்டு பக்கமாகத்தான் பார்க்கிறாள். ஒரு பக்கம் ஏதாவது வந்தால் இன்னொரு பக்கம் ஏதாவது போயிருக்க வேண்டுமாம். நான் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால், இந்த ஓய்வு எந்தக் கணக்கிலிருந்து வந்தது, என் முதுகிலிருந்துதானே என்று கேட்கிறாள். புரோகிராமிங் அதைவிடக் கொடுமை, ஒரு புள்ளி விட்டுப்போனதற்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சமையல் இல்லை. நீ போனில், விடையை நான் போட்டு அனுப்புகிறேன் என்று சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்று மறுத்தாளே, உனக்குக்கூட அதில் கொஞ்சம் வருத்தம் என்று மாப்பிள்ளை சொன்னார். வருத்தப்படாதே. விடை வேணும்னா புத்தகத்தோட கடைசிப் பக்கத்துலயே இருக்கு, எனக்கு அது எப்படி அங்க போச்சுன்னு தெரியணும், அவ்வளவுதான் என்று என்னிடம் சொன்னாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவுடைய வேலை என்ன, டிப்போ வாசலில் அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பஸ்ஸும் கிளம்புகிற நேரத்தைக் குறித்து வைப்பது. காலையில் பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி, மணிக்கு ஆறு. டைம்கீப்பர் என்றால் எல்லோருக்கும் ஒரு இளக்காரம் உண்டு, ஆனால் ஒரு வண்டியை நான் முன்னே பின்னே விட்டதாக டிப்போவில் ஒருத்தரும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட என் மேல், ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பஸ் ஏறுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து மனு கொடுத்துவிட்டார்கள். முன்னால் நின்று நடத்தியது யார் என்று நினைக்கிறாய், நான் பிரஷர் மாத்திரை வாங்குகிற மருந்துக்கடைக்காரம்மா. பிரஷரை ஏற்றிவிட்டவரிடமே போய் மாத்திரைக்குக் கை நீட்டுகிற நிலைமை. அந்தம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. தினமும் காலையில் ஸ்டாப்புக்கு வருகிறவர்களிடம், வந்து நின்ற நேரம் என்ன, பஸ் வந்த நேரம் என்ன என்று கேட்டு இரண்டு வாரமாக எழுதி வைத்திருந்தார். கூட்டிப் பார்த்தால் ஒரு ஆளுக்குச் சராசரியாக எட்டு நிமிஷம் காத்திருப்பு. பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரி ஐந்துதானே வர வேண்டும், எட்டு வருகிறது என்றால் பதினாறு நிமிஷத்துக்கு ஒரு பஸ்தான் ஓடுகிறது, அப்படியானால் மணிக்கு இரண்டு வண்டி ஓடாமலே ஓடியதாக டைம்கீப்பர் எழுதுகிறார், அந்த டீசல் எங்கே போகிறது என்று மனுவில் கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லாத நேரத்தில், உன் அப்பா டீசல் திருடன்.

படித்துப் பார்த்தேன் அம்மாடி, அந்தக் கணக்கில் என்னாலேயே தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. என் கண் முன்னால்தான் ஆறு வண்டியும் வாசலைத் தாண்டிப் போகிறது, ஆனால் அவர்கள் கணக்குப்படி போகவில்லை. மேலதிகாரி செக்கரை அனுப்பி ஒரு நாள் ஸ்டாப்பிலேயே நிற்க வைத்தார், அவர் எண்ணியும் மணிக்கு ஆறு வண்டி. அதற்கு அவர்கள், செக்கர் நிற்கிற அன்றைக்கு மட்டும் ஒழுங்காக விட்டிருப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். டிப்போவில் டீ குடிக்கப் போனால் பேச்சு நிற்கிறது. உன் சித்தப்பா வந்து, பேசாமல் தப்பை ஒத்துக்கொண்டால் பென்ஷனாவது மிஞ்சும் என்று நல்லது சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனான். உன்னிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று நான்தான் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன், அவள் மேல் கோபப்படாதே.

நான் இப்படி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, உன் அம்மா சாப்பாட்டு மேஜையில் வீட்டுப்பாடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நிகழ்தகவுக் கணக்கு ஒன்றில் தப்பு வாங்கியிருந்தாள். அந்தக் கேள்வியை வாசித்துக் காட்டினாள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு நிறுத்தத்துக்குச் சராசரியாகப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வருகிறது, ஏதோ ஒரு நேரத்தில் வந்து நிற்கிறவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருப்பார். ஐந்து, இதில் கேட்க என்ன இருக்கிறது என்றேன். நானும் அதைத்தான் எழுதினேன், தப்புன்னு போட்டுட்டார் என்றாள். பஸ்கள் ஒரே சீராக வந்தால்தான் ஐந்து, இடைவெளி சின்னதும் பெரிதுமாக இருந்தால் ஐந்துக்கு மேலேதான் வரும் என்று ஆசிரியர் சொன்னாராம். இவளுக்கு அது ஏன் என்று பிடிபடவில்லை, பிடிபடாத வரைக்கும் நம்பவும் மாட்டேன் என்கிறாள். நான் மனுவை எடுத்து அந்தப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, உங்க வாட்சைக் கழட்டிக் குடுங்க என்றாள்.

என் வாட்சைக் கட்டிக்கொண்டு காலையில் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள், அந்த முழங்காலோடு. என் வாசலிலிருந்து சீராகப் போகிற வண்டிகள் அங்கே சீராக வரவில்லை. நடுவில் ரயில்வே கேட் இருக்கிறதே, கேட் மூடினால் முதல் வண்டி நிற்கிறது, திறப்பதற்குள் பின்னால் வருகிற வண்டியும் சேர்ந்துகொள்கிறது, இரண்டும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போய்ச் சேருகின்றன. இது தெரியாதா என்று கேட்பாய். தெரியும், ஆனால் அதனால் என்ன என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன், மொத்தம் ஆறு வண்டி போய்ச் சேர்ந்ததா இல்லையா. வீட்டுக்கு வந்து ஒரு பெரிய தாளில் அவள் ஒரு மணி நேரத்துக்கு நீளமாக ஒரு கோடு போட்டாள். வண்டி வந்த இடத்தில் எல்லாம் ஒரு குறி. இடைவெளி இரண்டு நிமிஷம், பதினெட்டு, மூன்று, பதினேழு, மறுபடி இரண்டு, பதினெட்டு. கூட்டினால் அறுபது, வண்டி ஆறு, சராசரி பத்து, ஒரு குறையும் இல்லை. இப்ப நிமிஷத்துக்கு ஒரு ஆள் ஸ்டாப்புக்கு வர்றாங்கன்னு வைங்க என்றாள். அறுபது பேர். அந்த மூன்று சின்ன இடைவெளியில் வந்து நின்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னாள். ஏழு பேர். மீதி ஐம்பத்து மூன்று பேரும் பெரிய இடைவெளியில் மாட்டியவர்கள். இடைவெளியில் பாதி சின்னது, பாதி பெரிது, ஆனால் ஆட்கள் பாதிப் பாதி இல்லை. நீளமாக இருப்பதால்தானே அதில் ஆள் அதிகமாக விழுகிறான். சின்னதில் விழுந்தவர் சராசரியாக அதில் பாதி, ஒரு நிமிஷம் போல நிற்கிறார், பெரியதில் மாட்டியவர் ஒன்பது நிமிஷம் போல; அறுபது பேருக்கும் கூட்டி வகுத்தால் ஏறக்குறைய எட்டு நிமிஷம் வந்தது. மருந்துக்கடைக்காரம்மாவின் அதே எட்டு. என்னைத் திருடனாக்கிய அந்த எண், ஒரு வண்டிகூடக் குறையாமலே தானாக வந்து நிற்கிறது.

அதோடு விட்டாளா. என் கைக்கணக்கு மேல எனக்கே முழு நம்பிக்கை இல்ல என்று என்னையும் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த இடைவெளியெல்லாம் கொடுத்து, ஆட்களை மனம்போன நேரத்தில் ஸ்டாப்புக்கு அனுப்பி, ஒவ்வொருவரும் நின்ற நேரத்தைக் கூட்டச் சொல்லி ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். முதல் தடவை ஓட்டியதில், ஸ்டாப்புக்கு வருவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்ட ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள். எங்கள் ரூட்டில் அப்படிப்பட்ட புண்ணியவான் ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை என்றேன், முறைத்தாள். எங்கேயோ கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டாளாம், திருத்தினாள். மறுபடி ஒரு பட்டனைத் தட்டினாள். பத்தாயிரம் பேர், அம்மாடி. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் பத்தாயிரம் பேர் வந்து நின்று, காத்திருந்து, பஸ் ஏறிப் போய்விட்டார்கள். திரையில் எட்டுக்கு ஒரு இழை குறைவாக ஒரு எண் நின்றது. மறுபடி தட்டினாள், வேறு பத்தாயிரம் பேர், மறுபடியும் கிட்டத்தட்ட அதே எண். ஒவ்வொருத்தனும் அவனவன் இஷ்டத்துக்குத்தான் வந்தான், ஆனாலும் எல்லோருமாகச் சேர்ந்து அந்த எட்டை விட்டு நகரவில்லை. எனக்குக் கைகூப்ப வேண்டும் போல இருந்தது, அந்த எண்ணுக்கா, பெட்டிக்கா, உன் அம்மாவுக்கா என்று தெரியவில்லை. சின்னப் பிள்ளைகள் எல்லாம் அங்கே உட்கார்ந்திருந்ததால் கையைப் பையில் விட்டுக்கொண்டேன்.

மனு மேல் விசாரணை என்று எனக்கு நோட்டீஸ் வந்தது, என் பக்கம் பேச ஒருவரை அழைத்து வரலாம் என்று அதில் இருந்தது. யூனியன்காரரைக் கூப்பிடுகிறேன் என்றேன், நான் வர்றேன் என்றாள். மேலதிகாரி குரல் உயர்த்தாத மனுஷர், ஆனால் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரம்மா தன் காகிதங்களோடு எதிரே இருந்தார். உன் அம்மா வாதாடவே இல்லை. செக்கர் நின்ற அன்றைக்கு நீங்கள் எழுதினீர்களா என்று மட்டும் அந்தம்மாவிடம் கேட்டாள். எழுதியிருந்தார். அன்றைய சராசரியைப் பார்க்கச் சொன்னாள். அதுவும் எட்டு. ஆறு வண்டியும் வந்ததாகச் செக்கர் எழுதிய அதே காலையில், அதே எட்டு. அதிகாரி அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிரவே இல்லை. அப்புறம் உன் அம்மா அந்தக் கோடு போட்ட தாளை மேஜையில் விரித்து, அந்தம்மா கையில் பேனாவைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் வையுங்கள் என்றாள். பத்துத் தடவை வைத்தார். ஒரே ஒரு தடவைதான் சின்ன இடைவெளியில் விழுந்தது. அவர் கண்ணைத் திறந்து தன் பேனாப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இவர் வண்டியை எண்ணினார். நீங்க உங்க நேரத்தை எண்ணினீங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல."

உத்தரவு வந்துவிட்டது, என் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளை நிறுத்தி, பின்னால் வருகிற வண்டியைக் கொஞ்சம் பிடித்து வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், அந்த ஆள் நான்தான். டிரைவர்கள் வாய்க்குள் திட்டுகிறார்கள், திட்டட்டும். மருந்துக்கடைக்காரம்மா மாத்திரை கொடுக்கும்போது முகம் பார்த்துப் பேசுகிறார், உன் அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலமும் கொடுத்துவிட்டார்.

இதோடு கடிதம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் விசாரணை முடிந்த மறுநாள் அவளுடைய ஆசிரியர் போன் செய்தார், நான் எடுத்தேன். ஏன் உங்கள் வீட்டுக்காரம்மா நேற்று பரீட்சைக்கு வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நிகழ்தகவுப் பரீட்சை விசாரணை நடந்த அதே நேரத்தில் இருந்திருக்கிறது. மறுபடி எழுத வேண்டுமென்றால் அடுத்த வருஷம்தானாம். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். யார் போன் என்று கேட்டவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "பரீட்சை அடுத்த வருஷமும் வரும். உங்க பேரு போனா திரும்பி வருமா?" என்றாள். மடித்த துணியை என் கையில் கொடுத்து, அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தாள். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறேன் கண்ணு, எனக்கு வாய்த்தது எப்பேர்ப்பட்ட மனுஷி என்று அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது.

இதையெல்லாம் நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. ஆறுதலும் சொல்லாதே, அவளுக்குப் பிடிக்காது. அந்தப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து கேட்கப் போகிறாள், இன்றைக்கு முதல் வகுப்பு, அடுத்த தடவை போன் செய்யும்போது என்ன கணக்கு நடத்தினார்கள் என்று மட்டும் கேள், அவளே பேசுவாள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, மாப்பிள்ளையையும் மூடச் சொல். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க வேண்டும் என்று எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மழை வருகிற மாதிரி இருக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு ஸ்டாப்புக்குப் போகிறேன், அவள் எந்த பஸ்ஸில் வருவாளோ தெரியாது, எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா