போத்தலுக்குள் ஒரு புள்ளத்தாச்சி

ஜூன் 11, 1999. வெள்ளி
மழை. றக்வானைக்கு மேலே, தோட்டப் பாடசாலை மண்டபம். ரோட்டில் மண் சரிந்து பஸ் இல்லை. லயத்து வரிசை வீட்டுச் சனமும் இங்கேதான். கரண்ட் இல்லை. என் கொழுப்பு மாத்திரை நாளையோடு சரி.

வந்த வேலை: சிலந்திக்கடி. கடிபட்டவர் கொழுந்தெடுக்கும் ராசம்மாவின் கணவர். கை வீங்கி, தசை பிடித்து இழுத்து, இப்போது ஆஸ்பத்திரியில் தேறிவருகிறார். பத்திரிகை ஆசிரியர் கேட்ட தலைப்பு 'கொலைகாரச் சிலந்தி'. கொலை எதுவும் நடக்கவில்லை.

அதே இனம் ஒன்று இந்த மண்டபத்திலேயே, மாலதியின் பெரிய ஜாம் போத்தலில். தோட்டத்துப் பெண், கம்பஸில் படிக்கிறவள், சிலந்தி இரத்தம் ஆராய்கிறாள். சிலந்தி உள்ளங்கை அகலம், பெருத்த வயிறு. யாரிடமும் சொல்ல வேண்டாமென்றாள்.

ஜூன் 12
மழை. சோறு, பருப்பு, மறுபடி பருப்பு.

மாலதி விளக்கியது: கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் இரத்தத்தில் புரதம்தான் அதைச் சுமக்கிறது. மனிதனுக்கும் அப்படியே. சிலந்தியில் விசேஷம், ஒட்சிசன் சுமக்கும் செம்புப் புரதமே கொழுப்பையும் சுமக்கிறது.

"ஒரே ஆளுக்கு ரெண்டு சுமையா?"

"நம்ம பொம்பளைங்க மாதிரி சார். முதுகுல கொழுந்து, வயித்துல புள்ள."

இப்போது கொழுப்பு முட்டைகளுக்குப் போகும் நேரம். முட்டையிடுமுன் இரத்தம் எடுக்க வேண்டும். ஐஸ் இல்லாமல் இங்கே எடுத்தால் கெட்டுவிடும். ரோடு திறக்க வேண்டும்.

பின்னேரம் போர்வை தேடிய ராசம்மா போத்தலைக் கண்டுவிட்டாள். "அடியே, என் புருஷனக் கடிச்சத என் தலமாட்டுலயே வச்சிருக்கியா!" ஒரே கூச்சல். பயம் தெளியட்டுமென்று மாலதி அதன் கால் மூட்டில் ஊசி வைத்து ஒரு சொட்டு எடுத்தாள். "பாருங்க, இதுக்கும் ரத்தம்தான்." காற்றுப் பட்டதும் சொட்டு நீலமானது.

"செவபெருமான் முழுங்குன வெஷம்டீ!" ராசம்மா கையில் செருப்பு.

"வெஷம் பல்லுல அத்தை. இது முட்டைக்குப் போற சத்து. வயித்தப் பாருங்க!"

செருப்பு இறங்கியது. "புள்ளத்தாச்சியா? மொதல்லயே சொல்றதுக்கென்ன? புள்ளத்தாச்சிய அடிச்சா குடும்பம் வெளங்காது. பெத்து எறக்கட்டும். அப்புறம் இருக்கு அதுக்கு."

போத்தல் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 13
தூறல். மண் அள்ளும் பெக்கோ வருகிறதாம். யாரோ சொன்னது.

ராசம்மா நகரவில்லை. போத்தலுக்குத் துணி போர்த்தியிருக்கிறாள். எட்டிப் பார்க்க வந்தவர்களுக்கு அதட்டல்: "சத்தம் போடாதீங்க, வலி எடுக்கிற நேரம்."

மாலதி என் காதில்: "முட்டைக்கு நூல் விடுது சார்."

ஜூன் 14
வெயில். கீழ் வளைவில் பெக்கோ சத்தம்.

ராசம்மா பீலித் தண்ணீரில் குளிக்கப் போன சமயம் மாலதி துணியைத் தூக்கினாள். வெள்ளைப் பட்டு உருண்டை. அதைக் கட்டிப் பிடித்தபடி சிலந்தி, வயிறு சுருங்கி. இரத்தத்திலிருந்த கொழுப்பு இனி முட்டைக்குள். மாலதியின் ஆராய்ச்சி இந்த வருடத்துக்குப் போனது. துணியை மூடினாள். அழவில்லை.

ஈரத்தலையோடு ராசம்மா. செருப்பு காலில்.

"பெத்துருச்சா ஐயா? நீங்க பேப்பர்ல எழுதுறவரு, பொய் சொல்ல மாட்டீங்க."

போத்தல் இங்கிருந்து வெளியேற, பெக்கோ இன்னும் ஒரு வளைவு வர வேண்டும்.

"இன்னும் இல்லம்மா."