நாவ மரத்து வேருல கெடந்த நம்ம ஊட்டுக் கல்லு

அண்ணா, நம்ம ஊட்டுக் கல்லு கெடச்சிருச்சுண்ணா, நீ விக்கல, யாரும் திருடல, அது நாவ மரத்து வேருக்குள்ளயே இத்தன நாளும் கெடந்திருக்குண்ணா!!!

சரி, இப்ப மொறையா ஆரம்பிக்கறேன். அன்பான மாதேஷ் அண்ணனுக்கு, சேர்வராயன் மலையில கொட்டச்சேட்டுக்கு மேல இருக்கற நம்ம ஊர்ல இருந்து உன் தங்கச்சி கவிப்பிரியா எழுதறது. அம்மாவுக்கு ஒடம்புக்கு ஒன்னுமில்ல. அப்பாவப் பத்தி கீழ எழுதறேன். உன் நம்பருக்கு அடிச்சா அப்படி ஒரு நம்பரே இல்லைங்குது. நீ ஓசூர்ல இருக்கறதா ஒருத்தரு, திருப்பூர்ல பாத்ததா ஒருத்தரு சொல்றாங்க. எந்த அட்ரசுக்குப் போடறதுன்னு தெரியாமத்தான் என்னோட 'சேர்வராயன் கல்லு' பேஜ்ல எல்லாரும் பாக்கற மாதிரியே எழுதறேன். கோவிச்சுக்காத.

உனக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் படிக்கற மத்தவங்களுக்காகச் சொல்லிடறேன். எங்கூரு நாவ மரத்தடியில இருக்கறதெல்லாம் சாமிக் கல்லுங்க. உள்ளங்கை நீளம், வழுவழுன்னு, ஒரு பக்கம் மட்டும் கூரா இருக்கும். காடு உழுகும்போது யாரு காட்டுல கெடைக்குதோ அது அந்த ஊட்டுக் கல்லு. வைகாசியில சாமிக்கு எடுக்கற நோம்பி அன்னைக்கி அந்தூட்டு மூத்த பையன் எடுத்து ஓடையில கழுவி வெச்சாத்தான் சாமைப் பொங்கலே எறக்குவாங்க. மத்த நாள்ல தொடக்கூடாது, எத்தனை இருக்குதுன்னு எண்ணக்கூடாது, மரத்தடி மண்ணத் தோண்டவே கூடாது.

அது என்ன கல்லு தெரியுமாண்ணா? கோடாரி! இரும்பே தெரியாத காலத்துல நம்ம மலையில இருந்தவங்க தேச்சுத் தேச்சுப் பண்ணுன கோடாரி! நெட்ல படம் படமா வெச்சுப் பாத்துக் கண்டுபுடிச்சேன். கத்திக்கிட்டே அடுப்படிக்கு ஓடுனேன், அம்மா பாம்பு வந்துருச்சாக்கும்னு வெறகுக் கட்டையத் தூக்கிட்டாங்க. உங்கிட்டத்தான் மொதல்ல சொல்லோணும்னு இருந்துச்சு. நீ இல்ல.

நீ ஊர விட்டுப் போன அந்த நோம்பியில நீ குனிஞ்சு தேடுனதும், நம்ம கல்லு அங்க இல்லாததும் இன்னும் கண்ணுலயே நிக்குது. அதுக்கு முந்துன வாரம் நீ ஜீப்புல கூட்டிட்டு வந்த டூரிஸ்ட்டுங்க மரத்தடியில நின்னு போட்டோ எடுத்தாங்க. ஊருக்கு அது போதும், நீ அவங்களுக்குக் கல்ல வித்துட்டதாப் பேசிட்டாங்க. ஜீப்பு ஓட்டறவனுக்குச் சாமியும் ஒரு சவாரிதான்னு சென்னம்மா அத்தை சொன்னாங்களே, எல்லாரும் சிரிச்சாங்களே. மண்ணக் கிளறிப் பாக்கலாம்னு ஒருத்தரு வாயில இருந்தும் வரல. தோண்டக்கூடாதே! கல்லத் தேடறத விட்டுட்டு ஆளத் தேடுனாங்க. அப்பா அத்தன பேரு முன்னால உன்மேல கைய நீட்டிட்டாரு. நீ ஜீப்பு சாவிய ஆணியில மாட்டிட்டு சேலம் பஸ்ஸு ஏறிட்ட. சாவி அந்த ஆணியிலயேதான் இருக்குது.

இந்தச் சித்திரையில காப்பிப் பூவெல்லாம் உதுந்து முடிஞ்சு ஒரு மழை வந்துச்சுண்ணா, காத்துன்னா அப்படி ஒரு காத்து. நாவ மரம் வேரோட சாஞ்சிருச்சு. ஊரே ஓடிப் போய்ப் பாத்தா, மேல தூக்குன வேரிடுக்குல, சேத்தோட, நம்ம கல்லு! மழைக்கு மண்ணு அரிச்சு கல்லு உள்ள எறங்கியிருக்குது, மேல மண்ணு மூடிருச்சு. ஓரத்துல ஒடஞ்ச எடம், உன் பெருவெரல் கச்சிதமா ஒக்காருமே, அதேதான். நான்தான் மொதல்ல கத்துனேன்.

மறுநாள் காலையில நம்ம வாசல்ல ஒரு பலாப்பழம் இருந்துச்சு. சென்னம்மா அத்தை தோட்டத்துப் பழம். வெச்சுட்டு, கதவக்கூடத் தட்டாமப் போயிட்டாங்க. அம்மா அத அறுக்க உடல. மாதேஷு வந்து அறுக்கட்டும்ங்கறாங்க. பழுத்து ஊடெல்லாம் வாசன நொம்ப அடிக்குது.

இப்ப அப்பா. உன் பையன் ஊர்ல இல்லாததால இந்த வருசம் நீயே கழுவி வெய்யி மாதப்பான்னு ஊர்க்கவுண்டரு சொன்னாரு. அப்பா வலது கையப் பாத்துட்டு, இந்தக் கையால தொட மாட்டேனுங்கன்னுட்டாரு. தெனமும் கொடையப் புடிச்சுக்கிட்டுப் போய் சாஞ்ச மரத்துக்கிட்ட ஒக்காந்துக்கறாரு. சோறும் அங்கதான். மரத்த எடுக்க ஜேசிபி வந்துச்சு, என் பையன் வந்து கல்ல எடுத்ததுக்கப்பறம் வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாரு. வேர விட்டுக் கல்லு இன்னும் நகரல.

அப்பா, அது நெசமாவே கோடாரிங்கன்னு பக்கத்துல ஒக்காந்து சொன்னேன். படத்தையும் காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்தாரு. கோடாரியாத்தான் இருக்கும் கண்ணு, நம்ம ஊட்ட ரெண்டாப் பொளந்துச்சேன்னாரு.

அண்ணா, நோம்பி வைகாசி கடைசி வெள்ளிக்கெழம. நீ எல்லாத்தையும் மறந்துரோணும்னு நான் கேக்கல. வந்து கல்ல எடுத்துக் கழுவு. அப்பறம் திரும்பிப் போறதா இருந்தாலும் போ, நானே பஸ்ஸு ஏத்தி உடறேன். சேர்வராயன் சாமி உன்ன எங்க வெச்சிருந்தாலும் சொகமா வெச்சிருக்கட்டும்.

உன் தங்கச்சி,
கவிப்பிரியா

ஏனுங்க, இதப் படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தைங்க. கல்லு போட்டோ போடச் சொல்லிக் கேக்காதீங்க, எங்கண்ணன் கழுவுனதுக்கப்பறம்தான் போடுவேன். எடது புருவத்துல தழும்போட, வளைவுல ஹாரன் அடிக்காம விசில் அடிக்கற டிரைவர எங்கயாச்சும் பாத்தீங்கன்னா, இத அவருகிட்டப் படிச்சுக் காட்டுங்க. ஓசூரு, திருப்பூரு ஆளுங்க இருக்கற குரூப்பு எல்லாத்துலயும் ஷேர் பண்ணுங்க. இங்க இன்னைக்கும் மழைதானுங்க. அப்பா இன்னும் ஊட்டுக்கு வரல.