பெரட்டில் வேலாயியின் பேர்

நரிப்பாறைத் தோட்டம்,
தெல்தெனிய.
1873, கார்த்திகை 4

அன்புள்ள முத்துலிங்கம் அண்ணனுக்குத் தங்கை வேலாயி கும்பிட்டுச் சொல்வது. நானும் பரிமளமும் உயிரோடு இருக்கிறோம். கண்டியில் உங்களுக்கு வேளைக்குச் சோறு கிடைக்கிறதா? நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் கணக்குப்பிள்ளை ராஜலிங்கம் ஐயா. நீங்கள் எழுதினாலும் அவர்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அதனால் என்னைத் திட்டி எழுதாதீர்கள்.

இது கோப்பிப் பழக் காலம். பகலெல்லாம் மழையில் பழம் பறித்துச் சுமந்து வந்தால், பிறகு பழத்தோல் உரிக்கிற பல்பர் வீட்டுத் தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கொட்டை அலச வேண்டும். எனக்கு எட்டு நாளாகக் காய்ச்சல். எங்களை வேலை வாங்குகிற பெரியங்காணி இராமையாவிடம் சொன்னேன். "பழத்துக்குக் காய்ச்சல் கெடையாது, ஏறு மலைக்கு" என்றார். அவர் வாயில் புழு வைக்க.

ஆள் போதாமல் பாதிப் பழம் கரி நிறமாகி உதிர்கிறது. வேறு சொல்லால் எழுதட்டுமா என்று ஐயா கேட்டார். அந்தச் சொல் என் வாயில் வராது, உங்கள் கையிலும் வர வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரர் பேர் அதில் இருக்கிறதே. அவர் தம்புள்ளைப் பாதையில் பேதியில் போய் இரண்டு வருஷம் ஆனால் என்ன? ஐயா சிரிக்கிறார். சிரிக்கட்டும், அந்த நெட்டைக்கொக்கு.

அண்ணே, பழக் காலம் முடிந்ததும் கங்காணி கூட்டத்தோடு கரைக்கு நடந்து ஊர் போக எனக்கு மனசில்லை. அந்தப் பாதையை இன்னொரு தரம் என்னால் பார்க்க முடியாது. எங்களைக் கண்டிக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தங்கை வேலாயி (கீறல்)

*

கண்டி,
கார்த்திகை 12

அன்புள்ள வேலாயிக்கு,

அண்ணன் எழுதுவது. தை பிறந்ததும் வருகிறேன். துணிமூட்டையைக் கட்டி வை. பரிமளத்துக்கு ஒரு சின்னக் கம்பளி வாங்கியிருக்கிறேன்.

கறுப்பசாமியைக்கூடக் காவல்காரச் சாமி என்று கும்பிடுகிற ஒரே ஆள் நீதான். மச்சான் இருந்தபோது இத்தனை மரியாதை கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

காய்ச்சலோடு தண்ணீரில் இறங்காதே. கங்காணி அதட்டினால் நேராக நின்று சொல்: என் அண்ணன் வழக்குப் பேசுகிற பிரக்கிராசி வீட்டில் இருக்கிறான், உன்னைக் கோட்டுக்கு இழுப்பான் என்று. நான் இங்கே பாத்திரம் கழுவுகிறவன், ஐயா ஓய்வு நேரத்தில் எழுத்துக் கற்றுக் கொடுக்கிறார், அவ்வளவுதான். கங்காணிக்கு அது தெரிய வேண்டியதில்லை. கணக்குப்பிள்ளை ஐயா, இதை வாசித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

இந்த ஊர்த் தெருவில் கோப்பி மூட்டை ஏற்றிய வண்டிகள் விடியலிலிருந்து போகின்றன. மூட்டையில் துரை பேர் இருக்கிறது, தோட்டத்தின் பேர் இருக்கிறது. பறித்தவள் பேர் எங்கும் இல்லை. பயந்து பயந்துதான் நாம் இப்படி ஆனோம். நீ பயப்படாதே.

அண்ணன் முத்துலிங்கம்

*

நரிப்பாறைத் தோட்டம்,
மார்கழி 18

அன்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தங்கை வேலாயியின் வணக்கம். நானும் மகளும் மிக்க நலம். காய்ச்சல் முற்றிலும் நீங்கிவிட்டது.

தாங்கள் தை மாதம் வர வேண்டாம். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் அம்மை போட்டிருப்பதால் வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. நன்றாக யோசித்து, ஊருக்கே திரும்புவதென்று முடிவு செய்துவிட்டேன். மாசி இரண்டாம் தேதி பெரியங்காணியின் கூட்டத்தோடு வத்தேகமை, மாத்தளை வழியாக நடக்கிறோம். கண்டிக்குள் வரமாட்டோம். பரிமளமும் என்னோடு வருகிறாள். தம்புள்ளைப் பாதையில் என் புருஷன் கறுப்பையா இறந்த இடத்தில் ஒரு விளக்கு ஏற்ற வேண்டும் என்பது என் ஆசை.

பெரியங்காணி எங்களைத் தகப்பனைப்போலப் பார்த்துக்கொள்கிறார். கவலைப்பட வேண்டாம். ஊர் போய்ச் சேர்ந்து எழுதுகிறேன்.

தங்கை வேலாயி (கீறல்)

*

கண்டி,
1874, தை 19

கணக்குப்பிள்ளை ராஜலிங்கத்துக்கு,

இந்தக் கடிதம் என் தங்கைக்கு அல்ல, உமக்கு. அரிசியும் கருவாடும் ஏற்றி உங்கள் தோட்டத்துக்கு மாடு ஓட்டி வருகிற மடவளை மக்கீன் நானா இதை உம்முடைய கையில் நேராகக் கொடுப்பார். நீர் வாசித்து முடிக்கும்வரை நிற்பார்.

மார்கழிக் கடிதத்தை எழுதச் சொன்னது வேலாயி இல்லை. அவள் தன் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். அது உமக்கும் தெரியும், கார்த்திகையில் சிரித்தீரே. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுப் புத்தகத்தில் 'கறுப்பையா பெண்சாதி வேலாயி' என்று எழுதிப் பழகிய கை, தானாக எழுதிவிட்டது போலிருக்கிறது. நீர் எழுதிய வேலாயி நல்ல தமிழ் பேசுகிறாள். என் தங்கை ஒரு கடிதத்தில் இரண்டு பேரையாவது ஏசுவாள்.

மக்கீன் நானாவிடம் விசாரித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, கார்த்திகைக்குப் பொறகு அந்தப் புள்ளைய நான் காணல்ல. லயத்துல கேட்டா எல்லாரும் நெலத்தப் பாக்குறாங்க. அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலைல பெரட்டுல அவ பேரக் கூப்புடுறாங்க, ஒருத்தி 'ஐயா'ங்கிறா. அது அவ கொரல் இல்ல."

அவள் செத்துவிட்டாள். எப்படி என்று எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். அடுத்து என்ன செய்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். மாசி இரண்டில் கூட்டம் புறப்படும். பங்குனியில் எனக்கு ஒரு கடிதம் வரும், தம்புள்ளைக் காட்டில் வேலாயி பேதியில் போனாள் என்று. அந்தப் பாதையில் செத்தவர்களைப் பற்றி இதுவரை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. பரிமளம் ஐந்து வயசுப் பிள்ளை. கடல் தாண்டிவிட்டால் அவளை நான் எங்கே தேடுவேன்?

பொலிஸுக்குப் போனேன். ஓடிப்போன கூலிக்காரியை வேறு தோட்டத்தில் போய்த் தேடச் சொன்னார்கள். பிரக்கிராசி ஐயாவிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "பாத்தவன் ஒருத்தன் பேரச் சொல்லு."

இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. துரை நிற்கிற பெரட்டில் அவள் பேர் வரும்போது உண்மையைச் சொல்லும். பிள்ளையை மக்கீன் நானாவோடு அனுப்பும். உமக்கு வேலை போகும், கங்காணியின் ஆட்கள் கையையும் உடைக்கலாம். அந்தக் கைதான் என் தங்கை பேரில் எனக்கு ஆறுதல் எழுதியது. அதற்காக நான் வருந்தமாட்டேன்.

முத்துலிங்கம்

*

தெல்தெனிய,
தை 24

தம்பி முத்துலிங்கத்துக்கு,

இன்று காலைப் பெரட்டில் துரை குதிரையை விட்டு இறங்கி நின்றார். நான் புத்தகத்தைப் பிரித்துப் பேர்களைக் கூப்பிட்டேன். வேலாயி பேருக்கு இரண்டு மாதமாகப் பதில் சொல்கிறவள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற இரத்தினம்மா. இவளுக்கும் பிள்ளைகள் உண்டு, இவளையும் பயமுறுத்தித்தான் வைத்திருந்தார்கள். "வேலாயி" என்றேன். இரத்தினம்மா என் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

நான் சொன்னேன்: "வேலாயி செத்துப்போச்சு துரை. கார்த்திகை இருபத்தொண்ணுல. பெரியங்காணி ஒதைச்சாரு. நான் பாத்தேன்."

துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினார். எல்லாரையும் மலைக்குப் போகச் சொன்னார். கங்காணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று எனக்கு மட்டும் உத்தரவு. ஆனால் நூற்றிருபது பேர் அதைக் கேட்டார்கள். இரத்தினம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு மற்றப் பெண்களும் நகரவில்லை. அந்தச் சந்தடியில்தான், நேற்று உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தங்கியிருந்த மக்கீன் நானா பரிமளத்தை மாட்டின் மேல் தூக்கி வைத்தார்.

நடந்தது இதுதான். கார்த்திகை இருபதில் உங்கள் கடிதம் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். மறந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள், அவள் மறக்கவில்லை. மறுநாள் தொட்டியில் இறங்கச் சொன்னபோது, காய்ச்சலோடு கங்காணியின் முன் நிமிர்ந்து நின்று, என் அண்ணன் உன்னைக் கோட்டுக்கு இழுப்பான் என்றாள். உங்கள் சொற்களை ஒன்றும் மாற்றவில்லை. அவன் நெஞ்சில் உதைத்தான். தொட்டியின் கல் விளிம்பில் தலை மோதி உள்ளே விழுந்தாள். தூக்கியபோது மூச்சு இல்லை. நாற்றுமேடைக்கு மேலே, இரண்டு பாறைகளுக்கு நடுவில் புதைத்தார்கள். இடத்தை நான் காட்டுவேன். இதை மறைத்தால் உங்களுக்குச் சுகமாக இருக்கும் என்று வழியில் நினைத்தேன். ஒரு தரம் மறைத்தது போதும்.

இன்னொன்று. கறுப்பையா என்ற பேரை நான் கைத்தவறுதலாக எழுதவில்லை. கங்காணி என் தோளில் கை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதினேன். அவனுக்கு எழுத்துத் தெரியாது. வீட்டுக்காரர் என்றுதான் அவன் சொன்னான். நான் பேரை வைத்தேன். அன்றைக்கு என்னிடம் இருந்த தைரியம் அவ்வளவுதான். நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பரிமளம் இந்தக் கடிதத்தோடு வருகிறாள். அம்மாவின் கம்பளியை விடமாட்டேன் என்கிறாள். நீங்கள் வாங்கி வைத்ததை இப்போதே நீட்டாதீர்கள்.

கங்காணியின் ஆட்கள் என்னைத் தேடுவார்கள், அதனால் நான் தனியாக, பாதையை விட்டு விலகிக் காட்டு வழியில் நடந்து வருகிறேன். நாளைக்குள் வந்து சேராவிட்டால் பிரக்கிராசி ஐயாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். அவர் கேட்ட பேர் கீழே இருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இப்படிக்கு,
பார்த்தவன்,
ராஜலிங்கம்